தரையில் வைத்த பொம்மை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அங்கே நீ சுகமாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதத்தான் ஆசை, பாதி சுகம் என்று வைத்துக்கொள். அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார், ஆனால் அவருக்கு மாரடைப்பு வந்து போனதிலிருந்து எனக்குத்தான் நெஞ்சு படபடக்கிறது. அவர் இருமினாலும் பயம், இருமாமல் இருந்தாலும் பயம். குளியலறைக் கதவைத் தாழ்போடாதீர்கள் என்று கெஞ்சினால், "குளிக்கிறதுக்குக் கூடக் காவலா?" என்று சிரிக்கிறார். அவருக்கென்ன, அந்தக் கதவுக்குள் என் சக்கர நாற்காலி நுழையாது என்று எனக்கல்லவா தெரியும்.

இந்தப் பயத்தில்தான் முதலுதவிப் பயிற்சிக்குப் போனேன். சொல்லிக்கொடுக்கிற நர்ஸம்மா நல்லவள்தான், ஆனால் என்னைக் கண்டதும், "உங்களுக்கு எதுக்கும்மா சிரமம், கூட இருக்கிறவங்களை அனுப்புங்களேன்" என்றாள். கூட இருக்கிறவருக்காகத்தானே வந்திருக்கிறேன் என்றேன். உடனே எனக்கு எட்டட்டும் என்று, இதயம் நின்றவரின் நெஞ்சை அமுக்கிப் பழகுகிற பயிற்சிப் பொம்மையைத் தூக்கி மேஜைமேல் வைத்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. "அவர் விழுந்தா தரையிலதாம்மா விழுவாரு, கீழ வை" என்றேன். எல்லாரும் பார்க்க நாற்காலியிலிருந்து சரிந்து இறங்கினேன், முழங்கை சிராய்த்தது, மருந்து போட்டாயிற்று, நீ பதறாதே. அவளும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, முட்டி போடாமலே சாய்ந்து உடம்பின் பாரத்தைக் கையில் இறக்குவது எப்படி என்று என்னோடு சேர்ந்து செய்து செய்து பார்த்தாள். "எனக்கே இது புதுசும்மா" என்றாள். இத்தனை வருஷம் சக்கரம் தள்ளிய கை, பொம்மையின் நெஞ்சை நன்றாகவே அமுக்குகிறது. ஆனால் இறங்கிய எனக்கு ஏற முடியவில்லை, இரண்டு பேர் தூக்கி உட்காரவைத்தார்கள்.

முன்பெல்லாம் எனக்கு ஒன்றும் செய்யத் தெரியாதே என்று பயந்தேன். இப்போது தெரியும், அதனால் இன்னும் பயமாக இருக்கிறது. குளியலறைக்குள் தவழ்ந்தாவது போய்விடுவேன், ஆம்புலன்ஸைக் கூப்பிட ஃபோனைக் கழுத்திலேயே மாட்டியிருக்கிறேன். ஆனால் கை ஓய்ந்துபோனால் மாற்றிவிட ஆள் வேண்டும். அடுத்த வீட்டு டெய்லரும் அந்தப் பயிற்சிக்குப் போய் வந்துவிட்டார், அவரிடம் ஒரு சாவி கொடுத்திருக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, கண் விழித்து வேலை பார்க்காதே. நீ நோய்நொடியில்லாமல் நன்றாக இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. அப்பா ஃபோனை எடுக்கவில்லையென்றால் எனக்குப் போடு. நானும் எடுக்கவில்லையென்றால் திரும்பத் திரும்ப எனக்கே போட்டுக்கொண்டிருக்காதே, உடனே டெய்லரைக் கூப்பிடு. என் இரண்டு கையும் உன் அப்பாவின் நெஞ்சின்மேல் இருக்கும், எடுக்கமாட்டேன்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா