அழுத்தம் எங்கே நிலைகொண்டிருக்கிறது

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது, இல்லை, எழுதச் சொல்லிக்கொள்வது. (அக்கா, அம்மாவின் கண்ணாடி கால் ஒடிந்து கடையில் படுத்திருக்கிறது. அதனால் சொல்வது அம்மா, எழுதுவது உன் தங்கை. அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் என் ராஜ்ஜியம், அம்மாவுக்குத் தெரியாது.) இங்கே நான், அப்பா, உன் தங்கை வாலு மூவரும் இருக்கிறோம். நலம் என்று சொல்ல வாய் வரவில்லை. நீ அங்கே நலம் என்று ஒரு வரி எழுதினால் அதைப் பிடித்துக்கொண்டு நாங்களும் கொஞ்சம் நலமாக இருந்துகொள்வோம். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனை எடுத்தாலே அப்பா பக்கத்தில் வந்து காதை ஒட்டிக்கொள்கிறார், நீயும் எடுத்த எடுப்பில் அங்கே மழையா என்றுதான் கேட்கிறாய். இனிமேல் அதைக் கேட்காதே கண்ணு. நீ போனை வைத்ததும், அவள் ஏன் கேட்டாள், அவளுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது, நம்மிடம் மறைக்கிறாள் என்று தட்டைத் தள்ளி வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்.

போன வருஷ வெள்ளத்தில் பக்கத்து வீட்டுச் செருப்புத் தைப்பவரின் மனைவியை அப்பா கையைப் பிடித்துப் படிக்கட்டுக்கு இழுத்தார், கை நழுவிவிட்டது, அதுவரைக்கும் உனக்குத் தெரியும். அந்தக் கையை அவர் இன்னும் விடவில்லை என்பதுதான் உனக்குத் தெரியாது. தையல் மெஷினில் உட்கார்ந்தால் பத்து நிமிஷம், பிறகு வலது கையை விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இப்படி ஒரு வெள்ளம் முப்பது வருஷத்துக்கு ஒருமுறைதான் வரும் என்று முதல் வெள்ளத்தின்போது அதிகாரிகள் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். மூன்றாம் வருஷமே அடுத்தது வந்துவிட்டது. அது வடிந்தால் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லாத வெயில். எதை நம்பி மனுஷன் மெஷினை மிதிப்பது. நாள் முழுக்க ரேடியோ, நாள் முழுக்கக் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். (வானிலை அறிக்கை ரேடியோவில், அப்பாநிலை அறிக்கை என்னிடம்: காலையில் மேகமூட்டம், மதியம் இடி, மாலையில் யாரோடும் பேச வாய்ப்பில்லை.) அவர் மட்டும் இப்படி என்று நினைக்காதே. மேட்டுத் தெருக்காரர்கள் மழையைப் பார்த்தால் ஜன்னலைத் திறக்கிறார்கள், நம் தெருவில் கதவை அடைக்கிறார்கள். ரொட்டிக் கடைக்காரி தன் பிள்ளைகளின் சட்டைக்குள் பெயரும் வீட்டு எண்ணும் எழுதித் தைத்துத் தரச் சொன்னாள். அப்பா ஒன்பது சட்டை தைத்துக் கொடுத்தார். பத்தாவதாக யாரும் கேட்காமலே வாலுவின் பள்ளிச் சட்டையிலும் தைத்துவிட்டார். எதற்கு என்று நான் கேட்கவில்லை, கேட்டால் பதில் சொல்லிவிடுவாரே என்று பயம்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன், பதறாதே, யாருக்கும் உயிருக்கு ஒன்றுமில்லை. போன வியாழக்கிழமை பள்ளி விடுமுறை, நான் சலவைக்கூடத்தில் வேலையில் இருந்தேன். இருபது நாளாகக் குழாய் வறண்டு கிடந்தது. நம் வீட்டு மகாராணிக்கு, தெரு முழுக்கக் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவதைப் பார்க்க ஆசை வந்திருக்கிறது. தண்ணி வந்துருச்சு, ஓடுங்க என்று வாசலில் நின்று கத்தியிருக்கிறாள். (பொய் சொன்னது நான்தான். குழாய்த் தண்ணீரைத்தான் சொன்னேன். அந்த வார்த்தைக்கு இன்னொரு தண்ணீரும் இருப்பதை மறந்துவிட்டேன். இதில் விளையாட ஒன்றுமில்லை அக்கா.) தெரு குடத்தோடு ஓடியது. அப்பா இவளைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினார். தண்ணீர்த் தொட்டியின் இரும்புக் குழாயோடு இவள் இடுப்பைக் கிழிந்த துணியாலும் அளவு நாடாவாலும் சுற்றிச் சுற்றிக் கட்டிவிட்டார், மறு முனையைத் தன் மணிக்கட்டில் முடிந்துகொண்டார். கொளுத்துகிற வெயில், காலில் செருப்பில்லை. பொய்ப்பா, சும்மா சொன்னேன்ப்பா என்று இவள் தொண்டை வற்றக் கத்தியும் அவர் காதில் ஏறவில்லை. நான் நாலு மணிக்கு வந்து மேலே ஏறிப் பார்க்கிறேன், தெருவில் புழுதி பறக்கிறது, இவர் என்னைப் பார்த்து நிதானமாகச் சொல்கிறார், "தண்ணி வடியட்டும், அப்புறம் இறங்கலாம்." அந்தக் குரலில் பயமே இல்லை, அதுதான் எனக்குப் பயம். முடிச்சைக் கத்தரிக்கோலால்தான் வெட்ட முடிந்தது.

மறுநாள் இவள் கால் கொப்புளத்துக்கு மருந்து போட வந்த நர்ஸ், காலைப் பார்த்ததைவிட அப்பாவைத்தான் அதிக நேரம் பார்த்தாள். கடைசியில் அவர் எதிரே உட்கார்ந்து, "அண்ணே, அழுத்தம் ரொம்ப இருக்கு," என்றாள். இவர் உடனே ரேடியோப் பக்கம் திரும்பி, "எங்கேம்மா நிலைகொண்டிருக்கு?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை. "உங்க நெஞ்சுலதான் அண்ணே," என்றாள். எப்போது கரையைக் கடக்கும் என்று கேட்டார், நிஜமாகவே கேட்டார். "தனியா இருந்தா நகராது அண்ணே. அடுத்த வாரம் சனிக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு வாங்க. உங்க தெருக்காரங்க பத்துப் பேர் வர்றாங்க, டாக்டரும் வருவார், உக்காந்து பேசலாம்," என்றாள். செருப்புத் தைப்பவரும் வருகிறாராம். அதைக் கேட்டதும் அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். அவர் முகத்தில் எப்படி முழிப்பேன், நான் போய்விட்டால் சாக்கடையில் தண்ணீர் ஏறுகிறதா என்று யார் பார்த்துக்கொள்வது என்கிறார். மழைக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது. அடுத்த முறை நிஜமாகவே தண்ணீர் வந்து, அந்த முடிச்சு இருக்கிற நேரத்தில் நான் வேலையில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு மேல் என்னால் நினைக்க முடியவில்லை. நான் சொன்னால் கேட்கமாட்டார், நீ சொன்னால் கேட்பார். சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கூப்பிடு. மழையைப் பற்றிப் பேசாதே. போயிட்டு வாங்கப்பா என்று மட்டும் சொல்.

நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வேலைக்குப் போகாதே. நீ மேட்டுப் பாங்கான இடத்தில் குடியிருக்கிறாய் என்பது ஒன்றுதான் எங்கள் நிம்மதி. எந்தக் காற்றும் உன்னை அசைக்காமல் நூறு வயது இருக்க வேண்டும். மறுபடி சொல்கிறேன், சனிக்கிழமை, எட்டு மணி.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா

(அம்மா கையெழுத்துப் போட்டாயிற்று, உறை ஒட்டுவதற்குள் எழுதுகிறேன். சலவைக்கூடத்தில் அம்மாவோடு வேலை செய்யும் அத்தை சொன்னார்: போன வாரம் ஒரு மெஷினின் குழாய் கழன்று தரையெல்லாம் கணுக்கால் அளவு தண்ணீர். எல்லோரும் துடைப்பத்தை எடுத்தார்களாம். அம்மா இஸ்திரி மேசை மேல் ஏறி நின்றுகொண்டு, இரண்டு பேர் கையைப் பிடித்தும் இறங்கவில்லையாம். வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதனால் நீ கூப்பிடும்போது, ரெண்டு பேரும் போங்க என்று சொல். நர்ஸ் அக்காவிடம் நம் வீட்டுக்கு இரண்டு நாற்காலி போடச் சொல்லிவிட்டு வந்தேன். பாதி வழியில் திரும்பிப் போய், மூன்றாகப் போடுங்கள் என்றேன்.)