சுவரைப் பார்த்த ஸ்டூல்

அண்ணாத்தே,

இன்று காலை மறுபடியும் ஆட்டுத் தொடை எலும்பில் துளை போட்டோம். டிரில் உள்ளே இறங்கியதுமே அந்த வாடை கிளம்பிவிட்டது. முடி கருகின வாடையும் சுண்ணாம்பு வாடையும் கலந்த அதே வாடை. உங்கள் இடத்துக்குப் புதிதாக வந்திருக்கிற லேப் அசிஸ்டென்ட் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைத் திறக்கப் போனார். "பல் டாக்டரு ஊட்டுக்கு வந்தா மாரியே கீது மேடம்" என்று துளை போடும் ஒவ்வொரு முறையும் சொல்வீர்கள். பத்து வருடமாக அதே வாக்கியம். ஒருநாளும் நான் அதற்குச் சிரித்ததில்லை. இன்று அதைச் சொல்ல ஆளில்லாமல் லேப் என்னவோ போல இருந்தது.

உங்களுக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டியிருக்கிறது. நேரில் சொல்ல வழியில்லாததால் எழுதுகிறேன். என் வழக்கப்படி முதலிலிருந்துதான் தொடங்குவேன். "மேட்டருக்கு வாங்க மேடம்" என்று நீங்கள் அவசரப்படுத்தவும் இப்போது முடியாது.

பூந்தமல்லியைத் தாண்டி இருக்கும் நம் கல்லூரியில் எனக்குப் பேராசிரியர் என்று பெயர். உடைந்த எலும்பைச் சேர்த்துவைக்கும் உலோகத் தகடும் திருகும் எவ்வளவு பாரம் தாங்கும் என்பது என் ஆராய்ச்சி. நீங்கள் ஐ.டி.ஐ. முடித்து வந்தவர். எலும்பை இழுத்தும் அழுத்தியும் உடைத்துப் பார்க்கிற அந்தப் பெரிய மெஷின் உங்கள் பொறுப்பு. கட்டுரைகளில் என் பெயர் வரும், கடைசி வரியின் நன்றியில் உங்கள் பெயர் வரும். அந்த வரிசையை நான் ஒருநாளும் யோசித்துப் பார்த்ததில்லை. இப்போது யோசிக்கிறேன்.

எலும்பு வாங்கப் பூந்தமல்லி கறிக்கடைக்கு நீங்கள்தான் விடியலில் போவீர்கள். ஒருமுறை நானும் கூட வந்தேன். "இத்த சூப்பு வெப்பீங்களா?" என்று கடை பாய் கேட்டார். "இல்ல பாய், ஒடைக்கப் போறோம்" என்றீர்கள். அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு நம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். காரணத்தைச் சொன்ன பிறகு, வளைவில்லாத நல்ல எலும்பாக அவரே பொறுக்கித் தர ஆரம்பித்தார். அடுத்த முறை போனபோது, "போன வாரம் குட்த்தது எவ்ளோ தாங்குச்சு?" என்று விசாரித்தாராம். எலும்பை வேகவைத்துச் சுத்தம் செய்தது ஐயப்பன்தாங்கலில் உங்கள் வீட்டு அடுப்பில். "டெய்லி உங்க ஊட்ல பாயாவான்னு பக்கத்து ஊட்டம்மா கேக்குது. நான் இன்னான்னு சொல்றது?" என்று உங்கள் மனைவி என்னிடமே முறையிட்டார்.

எலும்பு இயக்கவியலை ஆன்லைன் சான்றிதழ்ப் படிப்பாகக் கொண்டுவரலாம் என்று கல்லூரி முடிவு செய்தபோது, பன்னிரண்டு பாடங்களையும் நான் ஒரே மாதத்தில் பதிவு செய்து முடித்தேன். நீங்கள் கேமரா பிடித்தீர்கள். பதிவேற்றும்போது திரையில் ஒரு கட்டம் வந்தது. பார்வையற்றவர்களும் படிக்க ஏற்றதா என்று கேட்டது. குரல் தெளிவாக இருக்கிறது, பாடத்துக்கு எழுத்து வடிவமும் இருக்கிறது, வேறென்ன வேண்டும் என்று நினைத்து டிக் போட்டேன். அதற்கு நான் செலவழித்தது ஒரு நொடிகூட இல்லை.

அந்த டிக்கை நம்பி வந்தவர் சாமுவேல். திருவேற்காட்டில் ஒரு சின்ன கிளினிக்கில் பிசியோதெரபிஸ்ட். பிறந்ததிலிருந்தே கண் தெரியாது. முதுகுவலி, தோள்பட்டை வலி என்று வருபவர்களை மட்டும்தான் அவரிடம் அனுப்புவார்களாம். எலும்பு முறிந்து தகடு வைத்துக்கொண்டு வருபவர்களைத் தொடவே விடுவதில்லை. இந்தச் சான்றிதழ் வாங்கி வந்தால் அவர்களையும் கொடுக்கிறேன் என்று முதலாளி சொல்லியிருந்தார். மூன்றாவது பாடம் கேட்டுவிட்டு சாமுவேல் எனக்கு மெயில் போட்டார். "மேடம், நன்றாகப் பாடம் நடத்துகிறீர்கள். 'இங்கே பாருங்கள், இது இப்படி வளைகிறது' என்று அடிக்கடி சொல்கிறீர்கள். இங்கே என்றால் எங்கே, மேடம்?"

எனக்குக் கோபம்தான் வந்தது. படங்களுக்கு விளக்கம் எழுதி ஒரு பிடிஎஃப் அனுப்பிவிட்டால் போதும் என்றேன். நீங்கள் மெயிலைப் படிக்கச் சொல்லி இரண்டு முறை கேட்டீர்கள்.

"டிக்கு அட்ச்சிட்டீங்கோ இல்ல மேடம்? அத்த நம்பி ஒர்த்தரு வந்துகிறாரு. வந்தவர இப்போ வாசல்ல நிக்க வெச்சினு கீறோம்."

சொல்லிவிட்டு ஸ்டூலை இழுத்து ஜன்னலுக்குக் கீழே, சுவரைப் பார்த்துப் போட்டு உட்கார்ந்தீர்கள். எனக்கு உங்கள் முதுகுதான் தெரிந்தது. முதல் பாடத்தை ஓடவிடச் சொன்னீர்கள். பாடத்தில் நான் "இங்கே" என்றபோது மெஷின் திருகை முடுக்கும் ஆலன் கீயால் பக்கத்து மேசையில் டொக் என்று ஒரு தட்டு. "இது" என்றதும் இன்னொரு தட்டு. பாதிப் பாடம் போவதற்குள் நான் அதை நிறுத்திவிட்டேன். தச்சுப்பட்டறைக்குள் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. அத்தனை வருடமும் என் வாய் பாதிதான் பாடம் நடத்தியிருக்கிறது, மீதியை விரல் நடத்தியிருக்கிறது. முனைவர் பட்டம் வாங்கின எனக்கு அதுவரை அது தெரியவில்லை.

அன்றிலிருந்து நம் வேலை முறையே மாறிப்போனது. பன்னிரண்டு பாடங்களையும் மறுபடி எடுப்பதென்று முடிவானது. ஒவ்வொன்றையும் நான் முதலில் உங்கள் முதுகுக்கு நடத்த வேண்டும். உங்கள் கையில் ஒரு துண்டு கட்டுக்கம்பி. நான் சொல்லச் சொல்ல நீங்கள் அதை வளைப்பீர்கள். சொல்லி முடித்ததும் திரும்பி, கம்பியை எலும்போடு வைத்துப் பார்ப்பீர்கள். பொருந்தினால் கேமரா, பொருந்தாவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து. முதல் நாள் நான் தொடை எலும்பை வர்ணித்தேன். உங்கள் கம்பி குடைக் கைப்பிடியாக வந்து நின்றது.

"நான் ஒன்னும் தப்பா வளைக்கல மேடம். நீங்க சொன்னது இதான்."

இடுப்பில் இறங்கும் பாரம் தொடை எலும்புக்கு நேர் மேலே இறங்காமல் உட்பக்கமாகத் தள்ளி இறங்குகிறது, அதனால் எலும்பின் வெளிப்பக்கம் இழுபடுகிறது, ஆகவே தகட்டை வெளிப்பக்கத்தில் வைக்கிறோம். இந்த ஒன்றைச் சொல்ல எனக்கு மூன்று நாள் ஆனது. விசை என்றேன், திருப்புத்திறன் என்றேன். எல்லாவற்றுக்கும் தட்டல்தான் பதில். மூன்றாம் நாள் நீங்களே முதுகைத் திருப்பாமல் சொன்னீர்கள். "மேடம், ஒரு கையில தண்ணி பக்கெட்டு தூக்கினு போனா அந்தப் பக்க விலாவா இஸ்க்குது? எதிர்ப்பக்கத்து விலாதான இஸ்க்குது? அத்த சொல்லுங்களேன்." சொன்னேன். கம்பி எலும்பின் மேல் அச்சாக உட்கார்ந்தது. இன்று என் வகுப்பில் எல்லாருக்கும், கண் தெரிகிறவர்களுக்கும், அந்த பக்கெட்டைத்தான் தூக்கிக் காட்டுகிறேன். யார் சொல்லித் தந்தது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

கேமரா ஓடும்போதும் நான் வாய் தவறி 'இங்கே' என்றால் தட்டுவீர்கள். அந்தத் தட்டல்களை எல்லாம் எடிட்டிங்கில் வெட்டினோம். எட்டாவது பாடத்தில் மட்டும் ஒன்று தப்பிவிட்டது. சாமுவேல் போன் செய்து அது என்ன சத்தம் என்று கேட்டார். நீங்கள் திருடி மாட்டிக்கொண்டவர் போல முழித்தீர்கள். நான் விஷயத்தைச் சொன்னேன்.

"எனக்காக ஒருத்தர் சுவத்தப் பார்த்து உக்காந்திருக்காரா மேடம்?" என்றார். பிறகு, "அவர்கிட்ட போனக் குடுங்க" என்றார்.

நீங்கள் இருவரும் என்ன பேசினீர்கள் என்று எனக்குத் தெரியாது. வராந்தாவுக்குப் போய்ப் பேசினீர்கள். திரும்பி வரும்போது முகம் சிவந்திருந்தது. "நல்ல மன்சன் மேடம்" என்று மட்டும் சொல்லிவிட்டு மெஷினுக்கு எண்ணெய் போடப் போய்விட்டீர்கள்.

பதினோராவது பாடம் முடிந்தது ஒரு வெள்ளிக்கிழமை. சாமுவேலின் தேர்வுக்குப் பத்து நாள்கூட இல்லை. நான் சோர்ந்துபோயிருந்தேன். பன்னிரண்டாவது பாடத்தைப் பழைய பதிவாகவே விட்டுவிடலாம், ஒரு பாடத்தில் என்ன குடிமுழுகிப்போகும் என்றேன். நீங்கள் என்னிடம் குரலை உயர்த்தினது அந்த ஒருமுறைதான்.

"பன்னெண்டாவதுலதான மேடம் ஸ்குரூ லூசாவுறது கீது? அவரு கைய வெக்கப் போறது அங்கதான். அத்த வுட்டுட்டா மிச்சம் பதினொன்னு இன்னாத்துக்கு?"

திருகு தளர்வதைக் கண்டுபிடிக்காமல் நோயாளியை நடக்கவிட்டால் ஒட்டிவருகிற எலும்பு மறுபடியும் விலகிவிடும். சரி, திங்கட்கிழமை எடுக்கலாம் என்றேன். அன்று சாயங்காலமே எடுத்திருக்கலாம். எனக்குக் கிளம்பும் அவசரம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டு எழுந்த உங்களுக்கு நெஞ்சு அடைத்ததாம். ஆட்டோவில் ஏற்றுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம். திங்கட்கிழமை நான் லேபுக்குப் போகவில்லை, உங்கள் வீட்டுக்கு வந்தேன். உங்கள் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "திங்கக்கெழம முக்கியமான வேல கீது, சட்டய இஸ்திரி பண்ணி வைன்னு சொன்னாரு மேடம்" என்றார். சட்டை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அங்கே எனக்கு அழுகை வரவில்லை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு அழுதேன்.

புதன்கிழமை பன்னிரண்டாவது பாடத்தைப் பதிவு செய்தேன். ஸ்டூல் சுவரைப் பார்த்தபடியே இருந்தது. நான் அதற்குத்தான் நடத்தினேன். தட்ட ஆளில்லை, கம்பி வளைக்க ஆளில்லை. சொன்னது சரியாகத்தான் சொன்னேனா, இல்லை மறுபடியும் குடைக் கைப்பிடிதானா என்று கடைசிவரை தெரியவில்லை. அந்தப் பயத்தோடுதான் பதிவேற்றினேன்.

இப்போது செய்திக்கு வருகிறேன்.

போன வாரம் நம் லேபிலேயே வாய்மொழித் தேர்வு. சாமுவேல் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார். குரலைக் கேட்டு நீங்கள் நினைத்துவைத்திருந்த ஆள் இல்லை. குண்டாக, கட்டம்போட்ட சட்டையில், சிரித்த முகமாக இருந்தார். உங்கள் மறைவை முன்பே போனில் சொல்லியிருந்தேன். வந்ததும் முதல் வேலையாக, "அவரோட ஸ்டூல் எங்க இருக்கு மேடம்?" என்று கேட்டார். அழைத்துப்போனேன். அதன் மேல் ஒருமுறை கையை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

வெளிக் கல்லூரியிலிருந்து வந்த தேர்வாளர் சந்தேகத்தோடுதான் இருந்தார். சாமுவேல் தேறாவிட்டால் அது அவருடைய தோல்வி ஆகாது, என்னுடைய பன்னிரண்டாவது பாடத்தின் தோல்வி. தகடு பொருத்திய எலும்பை எடுத்துக் கேள்வியைத் தொடங்கினேன். "சாமுவேல், இங்க ஒரு திருகு தளர்ந்திருக்குன்னு வெச்சுக்குங்க. இப்ப நோயாளி..."

டொக்.

விரல் முட்டியால் மேசையில் ஒரே ஒரு தட்டு.

"மேடம், இங்கன்னா எங்க?"

தேர்வாளர் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலுக்குக் கீழே இருந்த உங்கள் ஸ்டூலைப் பார்த்தேன். பிறகு உங்கள் முதுகுக்குச் சொல்வது போலச் சொன்னேன். "வலது தொடை எலும்பு. வெளிப்பக்கம் தகடு. முறிவுக்குக் கீழே இரண்டாவது திருகு தளர்ந்திருக்கிறது. நோயாளிக்கு அது தெரியாது. நீங்கள் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?"

அவர் எலும்பைக் கையில் வாங்கினார். தகட்டின் மேல் முனையிலிருந்து விரலை இறக்கி, முறிவைத் தாண்டி, இரண்டாவது திருகின் மேல் நிறுத்தினார். "கால ஊனும்போது சரியா இந்த எடத்துல, வெளிப்பக்கத்துல வலிக்குதுன்னு சொல்லுவாரு மேடம். போன வாரத்த விட இந்த வாரம் அதிகமா வலிக்கும், கொறையாது. வெளிப்பக்கம் இழுபடுற பக்கம், திருகுக்கு அங்கதான் வேலை அதிகம். நான் அன்னிக்கி நடக்க வைக்க மாட்டேன். உடனே டாக்டர்கிட்ட அனுப்பி எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுவேன்."

தேர்வாளர் இன்னும் ஐந்தாறு கேள்வி கேட்டார். சாமுவேல் ஒன்றில் தடுமாறினார், மற்றதெல்லாம் சரி. இதையெல்லாம் எங்கே படித்தீர்கள் என்று அவர் கேட்டதற்கு, "பன்னெண்டாவது பாடத்துல சார்" என்றார்.

தேறிவிட்டார், அண்ணாத்தே. நேற்று போன் செய்தார். பூந்தமல்லிப் பக்கமிருந்து, பைக்கிலிருந்து விழுந்து தொடையில் தகடு வைத்த ஒருவரை முதலாளி அவர் கையில் ஒப்படைத்திருக்கிறாராம்.

தேர்வு அவசரத்தில் எடுத்த பாடங்களை எல்லாம் அடுத்த தொகுதி மாணவர்களுக்காக மறுபடி எடுக்கிறோம். இன்று காலை துளை போட்டு முடித்து, கேமரா ஓட ஆரம்பித்ததும், "இங்கே பாருங்கள்" என்று பழைய வாய் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு காத்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் கேட்கவில்லை. புதிதாக வந்தவர் எதற்கு நிற்கிறேன் என்று தெரியாமல் விழித்தார். உங்கள் ஆலன் கீ மேசையில்தான் இருந்தது. அதை எடுத்து நானே ஒரு தட்டு தட்டிவிட்டு, முதலிலிருந்து சொன்னேன்.

அந்தச் சத்தத்தை வெட்ட வேண்டாம் என்று எடிட் செய்பவரிடம் சொல்லியிருக்கிறேன்.