பெயரைத்தான் நீ சொல்லவில்லை

எண்ணூர்,
புதன்கிழமை

அன்புள்ள நர்மதாவுக்கு,

வினிதா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் உயிரோடு, உடம்போடு இருக்கிறோம். டெல்லிக் குளிர் உனக்குப் பழகியிருக்கும். போன் இருக்கும்போது எதற்குக் காகிதம் என்று நினைப்பாய். போனில் சொல்வது யார் காதில் போய் விழுமோ என்று எனக்கு இப்போது பயமாக இருக்கிறது. இதைப் படம் எடுத்து யாருக்கும் அனுப்பிவிடாதே.

ராயபுரத்தில் நீங்கள் நடத்திய பத்திரிகையாளர் கூட்டம் அமோகமாக நடந்தது என்று, இங்கே எல்லா ஏற்பாடும் செய்த வால்டர் உனக்குச் சொல்லியிருப்பார். மண்டபம் நிறைந்துதான் இருந்தது. 'இதழியலைப் புதிதாக்குவோம்' என்று பெரிய பேனர். பெரிய பத்திரிகைகளில் வேலை போனவர்கள், ஊடகத்தைத் திருத்த வேண்டும் என்கிற வக்கீல்கள், என்னைப்போல் ஒரு போனை வைத்துக்கொண்டு குப்பத்துச் செய்தியை வீடியோவாகப் போடுகிறவர்கள் என்று பலர் வந்திருந்தார்கள். கொடுங்கையூர் குப்பைமேட்டுப் புகையைப் பற்றி எழுதும் உமைமா பேசியது எனக்குப் பிடித்தது. ஆனால் இத்தனைக்கும் யார் செலவு செய்கிறார்கள் என்று வால்டரைக் கேட்டேன். நண்பர்கள் என்றார். எந்த நண்பர்கள் என்றேன். யாரோ கூப்பிடுவதுபோல் திரும்பிப் போய்விட்டார்.

பிறகு திரையில் உன் முகம் வந்தது. திருவொற்றியூரில் என்னோடு பஸ் பிடித்துக் காலேஜுக்கு வந்த நர்மதா இவ்வளவு பெரிய சபையில் பேசுகிறாளே என்று எனக்குப் பெருமையாக இருந்தது. மக்களின் நம்பிக்கையை நாம் எப்படித் திரும்பப் பெறுவது என்று ஆரம்பித்தாய். அதற்கு உதாரணமாக என் கதையையே எடுத்தாய். ஒரு கம்பெனி ஆற்றில் எண்ணெய்க் கழிவை விடுவதை, உள்ளே வேலை பார்க்கும் ஒரு வெல்டர் எண்ணூர்த் தோழி ஒருத்தியை நம்பிச் சொன்னார் என்றாய். பெயர் சொல்லவில்லை. இடது கையால் வெல்டிங் பிடிக்கிறவர் என்றாய். எல்லோரும் கைதட்டினார்கள். நான் மட்டும் தட்டவில்லை.

அந்தக் கம்பெனியில் இடது கை வெல்டர் சைமன் அண்ணன் ஒருவர்தான், நர்மதா. அவர் பேசியதை நான் போட்ட வீடியோவில் அவர் முகத்தை மறைத்தேன், குரலை மாற்றினேன். அவர் யாரென்று நான் சொன்னது உன் ஒருத்தியிடம் மட்டும். அதுவும் செய்திக்காக இல்லை. பயத்தில் தூக்கம் வராமல், தோழியிடம் சொன்னது.

டீ குடிக்கும் இடத்தில் ஒருவர் என் பக்கத்தில் வந்து நின்றார். கழுத்தில் அடையாள அட்டை இருந்தது, பெயர் இருந்த பக்கம் சட்டையோடு ஒட்டித் திரும்பியிருந்தது. மிகவும் மரியாதையாகக் கேட்டார்: "அந்த இடது கைக்காரர் இன்னும் அங்கதான் வேலை பார்க்கிறாராம்மா?" தெரியாது என்றேன். "பரவால்ல, சும்மாதான் கேட்டேன்" என்று சிரித்தார். அவர் எந்தப் பத்திரிகை என்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை.

உன் பேச்சை யூடியூபில் போட வேண்டாம் என்று வால்டரிடம் கெஞ்சினேன். "பேர் எங்கேயும் வரலையே வினிதா, நீங்க ரொம்ப பயப்படுறீங்க" என்றார். அன்று சாயங்காலமே போட்டுவிட்டார்கள். உமைமா சண்டை போட்டு மறுநாள் எடுக்க வைத்தாள். அதற்குள் பார்க்க வேண்டியவர்கள் பார்த்திருப்பார்கள்.

அடுத்த வாரம் சைமன் அண்ணனைக் கம்பெனி கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். நேராக என் வீட்டுக்கு வந்தார். "கேட் பாஸு செல்லாதுன்றான். ஏன்டான்னா, மேல போய்க் கேளுன்றான். மேல யார்ரான்னா சிரிக்கிறான்" என்றார். அப்புறம், "நீ யாராண்டனா சொன்னியாம்மா?" என்று கேட்டார். உன் பெயரைச் சொன்னேன். வேறு என்ன செய்ய? செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் அவர் மனைவி அடைக்கலமேரியைப் பார்க்கப் போனேன். கதவைப் பாதிதான் திறந்தார். "மீட்டிங்ல உனக்கு இன்னா குட்த்தாங்கோ?" என்று கேட்டார். ஒன்றும் வாங்கவில்லை அக்கா என்றேன். "சும்மாவா எங்க வூட்டு ஆம்பளைய வித்துட்டு வந்த?" என்று கதவைச் சாத்திவிட்டார். குப்பத்திலும் இப்போது அதே பேச்சுதான். என் வீட்டுக்காரர் ஜெகதீசனும் "அவங்கோ பேசிட்டுப் பூடுவாங்கோ. நாமதான் இங்க கெடக்கணும்" என்கிறார்.

சைமன் அண்ணன் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் தகடு ஏற்றி இறக்கும் வேலைக்குப் போகிறார். இந்த வயதில் முதுகு தாங்குமா தெரியவில்லை. ஆற்றில் எண்ணெய் மட்டும் அப்படியே மிதக்கிறது. என்னிடம் தகவல் சொல்ல யாரும் வருவதில்லை. போன வாரம் மட்டும் தெரியாத நம்பரில் இருந்து, ஆற்றில் கழிவு விழும் படம் ஒன்று வந்தது. அது நிஜமாகவே ஒரு தொழிலாளி அனுப்பியதா, என் வாயைப் பிடுங்க யாரோ அனுப்பியதா, புரியவில்லை. முன்பென்றால் உன்னைத்தான் கேட்டிருப்பேன்.

ஒன்று கேட்கிறேன், உண்மையைச் சொல். கூட்டத்துக்கு முன்பு அந்தப் பேச்சை யாரிடமாவது படித்துக் காட்டினாயா? இடது கை என்பதை நீயே எழுதினாயா, யாராவது சேர்க்கச் சொன்னார்களா? அந்த நண்பர்கள் யாரென்று உனக்கும் தெரியாதா? நீயே எழுதியிருந்தால், கதை நன்றாக வர வேண்டும் என்றுதான் எழுதியிருப்பாய். அது எனக்குப் புரிகிறது. வேறு மாதிரி இருந்தால் எனக்கு எழுதவே வேண்டாம்.

அடுத்த கூட்டத்தைத் திருவொற்றியூரில் வைக்கப் போவதாக உமைமா சொன்னாள். அதற்கு முன்னால் நீ ஒரு தடவை வா. கேமரா வேண்டாம், வால்டர் வேண்டாம், தனியாக வா. அடைக்கலமேரி அக்காவிடம் நீயே உன் வாயால் பேச வேண்டும். அவர் கதவைத் திறக்க மாட்டார். திறக்கும்வரை உன் பக்கத்தில் நானும் நிற்கிறேன்.

உன்னை இன்னும் தோழி என்றே நினைக்க விரும்பும்,
வினிதா