பட்டாணிக்குக் கொடுத்த அரை மாத்திரை

ஆவடி,
புதன்கிழமை.

அன்பு மகன் விக்ரமுக்கு அம்மா எழுதுவது. எல்லோரும் சௌக்கியம், உன் சௌக்கியத்துக்குக் கடிதம் போடு என்று இரண்டே வரியில் முடித்துவிட இந்தத் தடவை முடியவில்லை கண்ணு. நான் நன்றாக இருக்கிறேன். உன் செல்லப் பூனை பட்டாணி தேறிக்கொண்டு வருகிறது. உன் அப்பாதான் இன்னும் தேறவில்லை. படித்தவுடனே போனைத் தூக்காதே, அவர் உடம்புக்கு ஒன்றும் இல்லை, வேலைக்குப் போய் வருகிறார், மனசுதான் சரியில்லை. இதைப் போனில் சொல்லாமல் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் அவனிடம் ஒரு வார்த்தை மூச்சு விடக் கூடாது என்று என் கையைத் தன் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். கடிதம் எழுதக் கூடாது என்று சத்தியம் வாங்க அவருக்குத் தோன்றவில்லை, இந்தக் காலத்தில் எவள் பேனாவை எடுக்கப் போகிறாள் என்று நினைத்திருப்பார். அடுத்த பிளாக் சரண் லீவு முடிந்து நாளைக்கு ஜெர்மனிக்குத் திரும்புகிறான், பருப்புப் பொடி டப்பாவோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். பொடியைப் பிரித்துச் சோற்றில் போட்டுக்கொண்டு ஆற அமரப் படிக்கலாம் என்று தள்ளி வைக்காதே, முதலில் இதைப் படி.

ஐப்பசி மழை இந்த வருஷம் விட்டு விட்டுக் கொட்டியது. உன் பட்டாணி எங்கேயோ சுற்றிவிட்டுச் சொட்டச் சொட்ட நனைந்து வந்தது, நான் துடைத்துத்தான் விட்டேன், இருந்தும் மறுநாள் சோற்றைத் தொடவில்லை. மத்தி மீன் வைத்தால் கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு பீரோவுக்குப் பின்னால் போய்ச் சுருண்டுவிட்டது, காதைத் தொட்டால் சுட்டது. நம் குவார்ட்டர்ஸ் பழக்கம் உனக்குத் தெரியாததா. ஃபேக்டரி ஆஸ்பத்திரியில் வாங்கின மாத்திரையில் மிச்சம் இருந்தால் ஒருவரும் தூக்கிப் போடமாட்டோம், அடுத்த காய்ச்சலுக்கு ஆகும் என்று எடுத்து வைப்போம். அதிலும் உன் அப்பாவின் பிஸ்கட் டப்பா இந்த பிளாக்குக்கே மெடிக்கல் ஷாப். தலைவலி என்று எவர் கதவைத் தட்டினாலும் இந்த மனுஷர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நேத்து இன்னா சாப்ட்டே, வாந்தி கீதா என்று பெரிய டாக்டர் மாதிரி விசாரித்துவிட்டுத்தான் டப்பாவைத் திறப்பார். நானும் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு இருந்தவள்தான். அன்றைக்கு நான் மாவு மில்லுக்குப் போயிருந்த நேரத்தில், உனக்குச் சின்ன வயதில் ஜுரம் வந்தால் எதைக் கொடுப்பாரோ அதே ஜுர மாத்திரையை, இது சின்ன உடம்பு என்று பாதியாக உடைத்து, பொடித்து, மீன் சாற்றில் குழைத்து, பட்டாணியை மடியில் போட்டு வாயைத் திறந்து ஊட்டிவிட்டிருக்கிறார். நான் வந்ததும், 'மாத்திரை குட்த்துட்டேன் சொர்ணம், சாயந்தரத்துக்குள்ள எழுந்து ஓடும் பாரு' என்று அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னார்.

மத்தியானமே அதன் முகம் வீங்கிவிட்டது. முன்னங்கால் பாதம் இரண்டும் பன் மாதிரி உப்பிவிட்டன. வாயைத் திறந்து வைத்துக்கொண்டு மூச்சு வாங்கியது, பூனை அப்படி மூச்சு வாங்கி நான் பார்த்ததே இல்லை. உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு ரோஸாக இல்லை, காப்பித் தூள் நிறத்தில் இருந்தது. கட்டைப் பையில் பழைய புடவையை விரித்து அதைப் படுக்க வைத்து ஆட்டோ பிடித்து அம்பத்தூர் ஓ.டி. பக்கத்தில் ராதிகா டாக்டரிடம் ஓடினோம், நீ பட்டாணிக்கு முதல் ஊசி போட்ட அதே இடம். அந்த அம்மா வாயைத் திறந்து ஒரு தடவை பார்த்தார், நிமிர்ந்து, ஜுர மாத்திரை ஏதாவது குடுத்தீங்களா என்று கேட்டார். நானாக இருந்தால் அந்த நேரத்தில் தெரியாது என்று சொல்லி மழுப்பியிருப்பேன் விக்ரம், உள்ளதைச் சொல்கிறேன். உன் அப்பா கொஞ்சம் கூட யோசிக்கவில்லை. 'நான்தாம்மா குட்த்தேன், அரை மாத்திரை, காலைல' என்று சொல்லி சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையையே எடுத்து நீட்டினார்.

டாக்டர் திட்டவில்லை. மனுஷ உடம்பு அந்த மருந்தைக் கரைத்து வெளியே அனுப்பிவிடுமாம், பூனை உடம்புக்கு அந்த வழியே கிடையாதாம், உள்ளேயே தங்கி ரத்தத்தைக் கெடுத்துவிடுமாம், அப்புறம் ரத்தம் ஓடினாலும் மூச்சைச் சுமக்காதாம். நாய்க்கும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது, பூனைக்குத் துணுக்குக் கூடக் கூடாது என்றார். பல பேர் பயந்துபோய் மறைத்துவிடுவார்களாம், எலி மருந்தா, பாம்பா என்று டாக்டர்கள் தேடிக்கொண்டு இருப்பதற்குள் கை மீறிப் போய்விடுமாம். நீங்க சொன்னதாலதான் சார் இப்பவே மருந்தை ஆரம்பிக்க முடியுது என்று உன் அப்பாவைப் பார்த்துச் சொன்னார். அது அவர் காதில் ஏறியதாகவே தெரியவில்லை. துணுக்குக் கூடக் கூடாது என்றதோடு அவர் காது அடைத்துவிட்டது. இங்கே ஐ.சி.யூ. இல்லை, ரத்தம் ஏற்ற வேண்டி வரலாம் என்று டாக்டரே சிட்டிக்குள்ளே ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுச் சொல்லி, வழிக்கு ஒரு குட்டி ஆக்சிஜன் சிலிண்டரும் கொடுத்து அனுப்பினார். பாடி மேம்பாலத்தில் வண்டிகள் அசையாமல் நின்றபோது நான் ஆட்டோவுக்குள் உட்கார்ந்து டிராஃபிக்கைத் திட்டிக்கொண்டு இருந்தேன். உன் அப்பா அதன் மூக்கில் மாஸ்க்கைப் பிடித்த கையை எடுக்கவே இல்லை.

அந்த ஆஸ்பத்திரியைப் பார்த்தால் நீ நம்பமாட்டாய். மனுஷர்களுக்கு இருப்பது மாதிரியே எல்லாம் இருக்கிறது. பூனைகளுக்குத் தனி அறை, நாய் குரைக்கும் சத்தம் கேட்டால் பயத்திலேயே உடம்பு மோசமாகிவிடுமாம். பட்டாணியை ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து ஆக்சிஜனை விட்டார்கள், காலில் ஊசி குத்தி மருந்து ஏற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் அங்கே இருந்த பெரிய டாக்டர் வந்து, ரத்தம் ஏற்றினால்தான் ராத்திரியைத் தாண்டும், பூனைக்குப் பூனை ரத்தம்தான் வேண்டும், நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த, தடுப்பூசி போட்ட பெரிய பூனை யாரிடமாவது இருக்கிறதா என்றார். எனக்கு ஒரே ஒரு மூஞ்சிதான் ஞாபகத்துக்கு வந்தது. கீழ் வீட்டுப் பொன்னியம்மாவின் ஜமீன். நம் வஞ்சிர மீன் துண்டை வாயில் கவ்விக்கொண்டு படியில் இறங்கிப் போனதே அந்தத் தடியன்தான். அதற்காக நான் ஆடி மாசத்திலிருந்து பொன்னியம்மாவோடு பேசாமல் இருந்தது உனக்குத் தெரியும், ஒவ்வொரு வாரமும் உன்னிடம் சொல்லித் திட்டியிருக்கிறேன். இப்போது எந்த முகத்தோடு கேட்பது என்று இருந்தது, ஆனால் கண்ணாடிக்குள்ளே அது வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்துவிட்டு என்ன மானம், என்ன ரோஷம் என்று போன் போட்டுவிட்டேன்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, 'எம்மாம் ரத்தம் எடுப்பாங்கோ, எம்புள்ளைக்கு ஒண்ணும் ஆவாதே' என்று கேட்டாள். அது தாங்குகிற அளவுக்குத்தான் எடுப்பார்களாம் என்றேன். ஜமீனை அவள் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. பிறகு, 'ஆட்டோ புட்ச்சினு வர்றேன், எங்க கீறீங்கன்னு சொல்லு' என்றாள். பிளாஸ்டிக் கூடையில் போட்டு மேலே துண்டைக் கட்டித் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள் மகராசி. நல்ல வேளை, குவார்ட்டர்ஸில் தடுப்பூசி முகாம் போட்டபோது ஜமீனுக்கு ஊசி போட்டிருந்தாள். பரிசோதனை எல்லாம் செய்து பார்த்து ரத்தம் சேரும் என்றார்கள். கழுத்தில் முடியை மழித்து, மயக்கம் கொடுத்து ரத்தம் எடுக்கும்போது அவள் கண்ணை மூடிக்கொண்டு என் கையைப் பிடித்த பிடியில் வளையல் நசுங்கிவிட்டது. எல்லாம் முடிந்து அந்தத் தடியன் தள்ளாடி எழுந்து உட்கார்ந்த பிறகு, 'இன்னா சொர்ணம், இனிமே உங்கூட்டுப் பூனை எங்கூட்டுப் பங்காளி, மீன் துண்ணா கேக்கக்கூடாது' என்றாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டது. இப்போது மீன் ஆயும்போது ஜமீனுக்கு ஒரு பங்கை நானே எடுத்து வைத்துவிடுகிறேன்.

அதற்கப்புறமும் சும்மா இல்லை, பட்டாணியைப் பல நாள் அங்கேயே வைத்துப் பார்த்தார்கள். பார்க்க விடும் நேரத்துக்கு உன் அப்பா ஷிஃப்ட் முடித்து யூனிஃபார்மோடு நேராக அங்கே போய் நிற்பார். உள்ளே போய்த் தொட்டுப் பாருங்கள் என்று அந்த நர்ஸ் பெண் சொன்னால் கூட கண்ணாடிக்கு இந்தப் பக்கமே நின்றுவிடுவார். கோயிலுக்குக் கூப்பிட்டால் செருப்பைப் பார்த்துக்கொள்கிறேன் என்று வெளியே நிற்கிற மனுஷன், தானாக எலுமிச்சம்பழம் வாங்கிக்கொண்டு மாங்காட்டு அம்மனிடம் போய்விட்டு வந்தார், என்னிடம் கூடச் சொல்லவில்லை, பிரசாதத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். ஒரு நாள் காலையில் டாக்டர் போன் செய்து, தானாகத் தட்டில் வாய் வைத்துச் சாப்பிட்டது, ஈறு ரோஸ் ஆகிவிட்டது, வந்து கூட்டிக்கொண்டு போங்கள் என்றார். நான் அப்படியே அடுப்படியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். இப்போது வீட்டில்தான் இருக்கிறது, காலிலும் கழுத்திலும் முடி இல்லாமல் பார்க்கக் கோமாளி மாதிரி இருக்கிறது, ஈரலுக்கு இன்னும் மருந்து ஓடுகிறது, காலையும் ராத்திரியும் கொடுக்க வேண்டும். பாலைக் கவிழ்க்கிற அளவுக்குத் தெம்பு வந்துவிட்டது.

பூனை பிழைத்தது, இந்த மனுஷரைத்தான் என்ன செய்வது என்று தெரியவில்லை. பிஸ்கட் டப்பாவைக் கொண்டுபோய் ஃபேக்டரி ஆஸ்பத்திரி மருந்து கவுண்டரில் கொடுத்துவிட்டார். அதற்கு நான் வருத்தப்படவில்லை, நல்லதுதான், தட்டினவர்களை எல்லாம் டாக்டரிடம் போகச் சொல்கிறார். ஆனால் பட்டாணி பக்கத்தில் வந்தால் காலைத் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொள்கிறார். அது விடுகிறதா, அவர் மடியைத்தான் தேடிக்கொண்டு போகிறது, கத்துகிறது. 'எம்மேல ஏறாத, போம்மா' என்கிறார், விரட்டுகிற குரலா அது. மருந்தை நான் கொடுத்தால் என் கையைப் பிராண்டிவிட்டுப் பாதியைத் துப்பிவிடுகிறது. நீங்களாவது பிடியுங்கள் என்றால் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறார். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு நாள் என்னிடம் சொன்னார், 'அவன் அம்மாந்தூரம் போறப்போ எங்கிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணுதான் சொர்ணம், பட்டாணியப் பாத்துக்கோப்பான்னான். என் கையாலயே குட்த்தேனே' என்று.

இப்போது உனக்குப் புரியும் என்று நினைக்கிறேன். இந்த வாரங்களில் நீ ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டபோதெல்லாம் அப்பா எங்கே என்றால், பால் வாங்கப் போயிருக்கிறார், சிநேகிதர் சிவராமன் வீட்டுக்குப் போயிருக்கிறார் என்று நான் சொன்னேன் இல்லையா. அவர் எங்கேயும் போகவில்லை கண்ணு. உன் போன் வந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்துவிடுகிறார். கதவு திறந்துதான் இருக்கும், போனை நான் ஸ்பீக்கரில்தான் போட்டிருப்பேன். நீ பேசுவதை எல்லாம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். போன வாரம் உனக்கு இருமல் என்று சொன்னாயே, நீ வைத்த பிறகு உள்ளே வந்து, இருமல் இருக்கிறது என்றானே, சளி இருக்கிறதா என்று கேட்டாயா என்று என்னைத் திட்டினார்.

உனக்குக் கோபம் வரும், எனக்குத் தெரியும். வந்தால் இந்தக் கடிதத்தின் மேலேயே காட்டி அங்கேயே முடித்துவிடு, போனில் கொண்டுவராதே. ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டதும் என்னிடம் கதை பேசாதே, அப்பாவைக் கூப்பிடு என்று சொல். வெளியே போயிருக்கிறார் என்றுதான் நான் சொல்வேன், சத்தியம் பண்ணிவிட்டேனே. நீ விடாதே. அவர் வருகிற வரைக்கும் லைனில் இருக்கிறேன் என்று படிக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொல். வருவார். வந்தால் அவரே சொல்லட்டும். அம்மா எழுதினாள், எனக்குத் தெரியும் என்று நடுவில் வாயை விட்டுவிடாதே, முழுசாகக் கேள். அவ்வளவாகப் பழக்கமில்லாத டாக்டரிடம் ஒளிக்காமல் சொன்ன மனுஷன், பெற்ற பிள்ளையிடம் சொல்ல முடியாமல் ஒவ்வொரு வாரமும் அங்கே உட்கார்ந்திருக்கிறார், எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. சொல்லி முடித்ததும், பட்டாணிக்கு யார் மருந்து கொடுக்கிறது என்று கேள். அம்மா என்பார். இனிமே நீயே குடுப்பா என்று சொல். அவ்வளவு போதும்.

இருமலுக்கு அங்கே டாக்டரைப் பார், யாரோ கொடுத்த மாத்திரையைப் போட்டுக்கொள்ளாதே. குளிருக்குக் காதை மூடிக்கொள், வெளியில் சாப்பிட்டே வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே. மாங்காட்டு அம்மன் உன்னை நோய்நொடி இல்லாமல் வைக்கட்டும், நினைத்ததெல்லாம் கைகூடி நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமையை மறந்துவிடாதே. நான் என்ன பொய் சொன்னாலும், அவர் எழுந்து வரக் கொஞ்சம் நேரம் ஆனாலும், நீயாகப் போனை வைத்துவிடாதே.

உன் வரவை எண்ணிக்கொண்டிருக்கும் அம்மா,
சொர்ணம் கஜபதி