அரளிக் குடும்பத்து மருந்து

ஸ்பிரிங்வெளி,
12.8.1978

அன்பு மகள் றீட்டாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. மாதா புண்ணியத்துல நான் நல்லா இருக்கேன், நீயும் மாப்பிள்ளையும் திருச்சியில நோய் நொடி இல்லாம இருக்கணும்னு தினமும் செபத்துல கேட்டுக்கிறேன். உங்கப்பா சுகமா இல்லையாங்கிறதை ஒரு வரியில எழுத முடியாது, பொறுமையா வாசி.

அவருக்குச் சீனி வியாதின்னு போன கடதாசியில எழுதினேன்ல. ஊரே சீனிக்குக் கியூவுல நின்ன காலத்துல இந்த மனுசன் மட்டும் எங்கேயிருந்து உடம்புக்குள்ள சேர்த்து வச்சாரோ தெரியல. அதுல ஆறாமக் கிடக்குற கால் புண்ணைப் பதுளை பெரியாஸ்பத்திரியில காட்டச் சொல்லி தோட்டத்து டிஸ்பென்சர் ஐயா துண்டு எழுதிக் கொடுத்தாரு. போனா காலை வெட்டிருவாங்கன்னு இவருக்குப் பயம். அதை வாய்விட்டுச் சொல்லாம, நித்தியகல்யாணி இலையை அவிச்சுக் குடிச்சா சீனி ஓடிரும்னு கள்ளுத் தவறணையில குடிக்க வந்த எவனோ சொன்னதைப் புடிச்சுக்கிட்டாரு. நீ பிள்ளைகளுக்குச் செடி கொடி பாடம் நடத்துறவ, அது அரளிக் குடும்பத்துச் செடி, விஷம் இருக்கு, புத்துநோய்க்கு அதுல மருந்து எடுக்குறாங்கன்னாலும் வீட்டு அடுப்புல அவிக்கிற சாமான் இல்லைன்னு எழுதினியே, அதை ஒரு வரி விடாம வாசிச்சுக் காட்டினேன். குடும்பத்தைப் பார்த்து ஒதுக்குறதுன்னா உன்னைக் கட்டியிருக்கவே மாட்டேனேன்னாரு. எங்க அண்ணன்மாரைத்தான் குத்துறாரு, வேற என்ன. ஆடு கூட மோந்து பார்த்துட்டு விலகிப் போற செடியில வாய் வச்ச மனுசன்கிட்ட என்னத்தைப் பேசுறது.

அந்தச் செடி கல்லுத் தரையில கூட வரும், தண்ணி கேக்காது, கிளையை ஒடிச்சு ஊணினாலே புடிச்சுக்கும், நம்ம லயத்து வாசல்லயே ரோசாக் கலர்ல பூத்து நிக்குது. ஆனா நம்ம வீட்டுத் துரைக்கு வெள்ளைப்பூ செடிதான் வேணுமாம். அது சுடுகாட்டுல, செத்துப்போன வீரய்யா கங்காணி குழி மேலதான் செழிப்பா நிக்குதாம். காலை இழுத்து இழுத்துப் போயி அங்கேயே ஒடிச்சுக்கிட்டு வந்தாரு. பாவம்யா அந்த மனுசன், செத்தும் விட மாட்டியான்னு கேட்டா, உசிரோட இருந்தப்ப பாதி நாள் சம்பளத்தைப் புடிச்சுக்கிட்டு பேர் போடுற புத்தகத்துல எனக்கு அரைப்பேர் போட்டவன்தானே, இப்பவாவது முழுசாக் கொடுக்கட்டும்னாரு. டிஸ்பென்சர் ஐயா அவரு மூத்திரத்தை நீலத் தண்ணியில ஊத்திக் காய்ச்சினாரு, நீலமாவே நின்னா நல்லதாம். அது செங்கல் கலருக்கு வந்துச்சு. இவரு கலர் நல்லாத்தானே இருக்குங்கிறாரு றீட்டா.

போன மாசம் கங்காணி பொஞ்சாதி மாரியாயி குழி மொட்டையாக் கிடக்குறதைப் பார்த்துட்டு நேரா நம்ம வாசலுக்கு வந்துட்டா. லயமே கூடிருச்சு. வாய்க்கு வந்ததெல்லாம் திட்டிக்கிட்டு இருந்தவ இவரு கால்ல சுத்தியிருந்த துணியைப் பார்த்ததும் நிறுத்திட்டா. அப்புறம் மெதுவா, சரி ஒடிச்சது போகட்டும் தேவதாசண்ணே, உங்க குழியிலயும் நானே ஊணி விடுறேன், இவ்வளவு சீனி ஓடுற உடம்பு, செடி தளதளன்னு வரும்னா. எல்லாரும் சிரிச்சாங்க, உங்கப்பாதான் சத்தமாச் சிரிச்சாரு. ஆனா அன்னைக்குக் கசாயச் சட்டியை அவரு தொடவே இல்ல. மறுநாள் வேலைக்கு ஆள் கூட்டுற பெரட்டுக்குத் தப்பு அடிக்கிறதுக்கு முந்தியே சவரம் பண்ணி, கோயிலுக்குப் போடுற சட்டையைப் போட்டுக்கிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு எந்திரிடின்னு என்னை எழுப்பினாரு.

பெரியாஸ்பத்திரி டாக்டர் சொன்னாரு, இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா முழங்கால் வரைக்கும் போயிருக்குமாம். சுண்டு விரலோட போச்சு, கால் தப்பிச்சது. அழாத, நான் ரெண்டு பேருக்கும் சேர்த்து அழுது முடிச்சுட்டேன். தினம் ஊசி போடணும், டிஸ்பென்சர் ஐயா போட்டு விடுறாரு. உன் பள்ளிக்கூடத்துல அந்தச் செடி பாடமா வந்தா உங்கப்பா பேரை இழுத்துராத. மாரியாயிகிட்ட மன்னிப்புக் கேட்டு, நேத்து நானும் உங்கப்பாவும் போயி வீரய்யா குழியில புதுச் செடி ஊணிட்டு வந்தோம். தண்ணி வேணாம்னு சொல்லியும் நொண்டிக்கிட்டே ஒரு செம்பு கொண்டுவந்து ஊத்தினாரு. ஊத்திட்டு, வீரய்யா, இப்போதைக்கு ஒரு விரல்தான் அனுப்பியிருக்கேன், எனக்கு அரைப்பேரே போட்டு வையி, முழுப்பேருக்கு நான் மெதுவா வாறேன்னாரு.

மாதா உனக்கும் மாப்பிள்ளைக்கும் ஒரு குறையும் வைக்க மாட்டா. செருப்பில்லாம நடக்காத.

உன் அம்மா,
தே. பவுலினா