மஞ்சுவின் வலது முட்டு

ஜூன் 3, செவ்வாய்

மஞ்சுவை இன்று கல்லூரி வாலிபால் தேர்வுக்கு அழைத்துப் போனேன். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரே ஓர் இடம். விண்ணப்பத்தில் ‘காயம் உண்டா’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று நான்தான் எழுதினேன். போன மழைக்காலத்தில் முழங்கால் தசைநார் கிழிந்ததைச் சொன்னால் என் மகளைக் கூப்பிடவே மாட்டார்கள் என்று பயம்.

நன்றாகவே ஆடினாள். முடிந்ததும் பயிற்சியாளர் டீச்சர் விண்ணப்பத்தைப் புரட்டியபடி மலையாளம் கலந்து கேட்டார். “காயம் ஒண்ணும் இல்லல்லோ, மோளே?”

“உண்டு டீச்சர். வலது முட்டு. அம்மா எழுதாம விட்டுட்டா.”

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

“ஸ்கேன் ரிப்போர்ட்டை நாளைக்குக் கொண்டு வாங்க, பார்க்கலாம்” என்றார்.

வீட்டுக்குத் திரும்பும்போது கிழக்கேகோட்டை பஸ்ஸில் கோபம் தாங்கவில்லை. “ஏட்டி, ஒரு வருஷமா உனக்காக நான் அலையுறது தெரியலையா?”

“தெரியும்மா. ஆனா ஆடுறப்போ முட்டு போச்சுன்னா விழுறது நான்லா?”

இப்போதுதான் பீரோவிலிருந்து ரிப்போர்ட்டை எடுத்தேன். ஆறு மாதத்தில் மறுபடி ஸ்கேன் எடுக்கச் சொல்லி டாக்டர் எழுதியிருக்கிறார். அந்த ஆறு மாதம் எப்போதோ முடிந்துவிட்டது. காலேஜ் சீட்டு, சீட்டு என்று ஓடியதில் மறந்தே போனேன். இன்று ஆடும்போது வலித்ததா என்றுகூட அவளிடம் நான் கேட்கவில்லை.