சோபாவுக்கு ஏற்ற படம்

அன்பு மகளுக்கு,

இங்கே நானும் அம்மாவும் சுகம், அவள் முழங்கால் மட்டும் படியேறும்போது முனகுகிறது, நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்கிறீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். நலம் விசாரிப்பு இத்தோடு முடிந்தது, இனி வருவதெல்லாம் வசவு, உட்கார்ந்து படி. போன வாரம் போனில், நீ படம் வரைந்து கொடுக்கும் சோபாக் கம்பெனி மூன்று வருஷ ஒப்பந்தம் நீட்டுகிறது, அதுவரை நீ எதை வரைந்தாலும் அவர்களுக்கே சொந்தம், வெளியே ஒரு படமும் காட்டக்கூடாது, பத்தாம் தேதி கையெழுத்துப் போடட்டுமாப்பா என்று கேட்டாய். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். உண்மையில் சரி போடு என்று சொல்லத்தான் இருந்தேன். பிழைப்புக்கு வரைவதை நான் என்றைக்குக் கேவலமாகப் பேசியிருக்கிறேன்? அதற்குள் ஞாயிற்றுக்கிழமை உன் தம்பி புது வீட்டுக்கு சோபா பார்க்க வேண்டும் என்று எங்கள் இருவரையும் இழுத்துக்கொண்டு போனான், உன் கம்பெனிதான் இங்கேயும் கிளை திறந்திருக்கிறதே, அந்தக் கடைக்கே.

கடையா அது, ஆஸ்பத்திரிக்கு சென்ட் அடித்து வைத்த மாதிரி இருக்கிறது. ஒவ்வொரு சோபாவுக்கு மேலேயும் ஒரு படம், படத்தை ஒருவரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை, குஷனை எடுத்து அதன் மேல் ஒட்டிப் பார்த்து மேட்ச் ஆகிறதா என்று கேட்கிறார்கள். ஒரு அம்மாள் இதே படம் கொஞ்சம் குட்டையாகக் கிடைக்குமா என்றாள். நீ உன் முதலாளிக்கு மேட்சிங் மகாராஜா என்று பெயர் வைத்தபோது மிகைப்படுத்துகிறாய் என்று நினைத்தேன், அவருடைய பிரஜைகளையும் பார்த்துவிட்டேன். அம்மா கால் வலிக்கிறது என்று ஒரு வெளிர் சாம்பல் சோபாவில் உட்கார்ந்து, கலர் நல்லா இருக்குங்க, ஆனா காபி கொட்டினா காட்டிக் குடுத்துடும் என்றாள். நான் அவள் தலைக்கு மேலே இருந்த படத்தைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன். நம் வீட்டுச் சமையலறை ஜன்னலிலிருந்து தெரியும் கொல்லைப்புறம் அது. இரும்பு மாடிப்படி, தண்ணீர்க் குழாய், கொடியில் மஞ்சள் போர்வை. அதை வரைய நீ நாற்பது நாள் ஜன்னலடியை விட்டு நகரவில்லை, டர்பென்டைன் நாற்றத்தில் அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு சமைத்தாள். அந்தப் படம் தலைகீழாகத் தொங்குகிறது. அம்மா உன் தம்பியோடு அடுத்த சோபாவுக்கு எழுந்து போனதும் விற்பனைக்காரரைக் கூப்பிட்டுத் தலைகீழாக மாட்டியிருக்கிறீர்களே என்றேன். அவர் அசரவே இல்லை. அடியில வெளிர் கலர் இருந்தாத்தான் சார் சோபா எடுப்பாத் தெரியும், ஆர்ட்டிஸ்டே ஒத்துக்கிட்டதுதான், கையெழுத்தைப் பாருங்க என்றார். பார்த்தேன். கீழே வலது மூலையில், நிமிர்ந்து, அழகாக, உன் கையெழுத்து. கடைக்காரன் தவறாக மாட்டியிருந்தால் அவனைத் திட்டிவிட்டு டீ குடித்துவிட்டு வந்திருப்பேன். நீ அல்லவா வானத்தைக் கீழே போட்டு அதன் மேல் பெயர் எழுதியிருக்கிறாய்.

மாடர்ன் ஆர்ட்டுப்பா, எப்படி வெச்சாலும் ஓடும் என்று சப்பைக்கட்டு கட்டாதே. நான் ஒன்றும் யோக்கியன் இல்லை. இருபத்தாறு வருஷம் மருந்துக் கம்பெனியில் லேபிள் வரைந்தவன். இருமல் மருந்துக்கு உன் முகத்தைத்தான் வரைந்தேன், குழந்தை நோஞ்சானா இருக்கே என்றார் மேனேஜர், மறு பேச்சில்லாமல் உன் கன்னத்தை ஊதிப் பெருக்கினேன். சிவப்பு என்றால் சிவப்பு, சிரிப்பு என்றால் சிரிப்பு. ஆனால் எழுத்துக்கு இடம் போதவில்லை, குழந்தை கையிலுள்ள மருந்து ஸ்பூனைச் சாய்த்துவிடு என்றார் பார், அங்கே நின்றேன். சாய்த்தால் மருந்து கொட்டும் சார் என்றேன். யாருய்யா அதெல்லாம் பார்க்கப்போறாங்க என்றார். லீவு நாளில் உட்கார்ந்து லேபிள் முழுவதையும் புதிதாக வரைந்து, எழுத்துக்கும் இடம் விட்டு, ஸ்பூனையும் நேராகப் பிடிக்கவைத்துக் கொண்டுபோய் மேஜையில் வைத்தேன். அவர் வித்தியாசத்தைக்கூடக் கவனிக்கவில்லை, அந்த மனுஷனுக்கு அவ்வளவுதான் கண். உனக்கு என்ன கேடு? சோபாவுக்கு ஏற்ற மாதிரிப் படம் வேண்டுமென்றால் புதிதாக ஒன்று வரைந்து கொடுத்துத் தொலைத்திருக்கலாமே, ஒரு வார வேலை. அந்தச் சோம்பலுக்கு அனுசரித்துப் போவது என்று பெயர் வைக்காதே.

படத்தை மட்டும் தரமாட்டார்களாம், சோபாவோடுதான் தருவார்களாம். அதனால் உன் தம்பி வீட்டில் அவனுக்குப் பிடிக்காத சாம்பல் சோபா ஒன்று இருக்கிறது, அவன் என்னோடு பேசுவதில்லை. படம் நம் வீட்டில். கடையில் தலைகீழாக மாட்டியிருந்தார்கள் என்று அம்மாவிடம் சொல்லி, கூடத்துச் சுவரில் நேராக நிமிர்த்திச் சாய்த்து வைத்தேன். அம்மா அப்போதுதான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டப்போய்ப் பார்த்தாள், போர்வையைக் கண்டுபிடித்தாள், மாடிப்படியில் வாளியோடு ஏறுகிற ஒரு சின்னத் தீற்றலில் விரலை வைத்து, இது நான்தானே என்றாள். எனக்கே அதுவரை தெரியாது. அப்போ கடையில நான் தலைகீழாவா தொங்கினேன் என்று கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்ததும், அவளுக்குத் தெரியாம வெச்சிருப்பாங்க பாவம் என்றாள். ஆமாம் என்றேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவளிடம் நான் சொன்ன பொய்களில் இதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. உனக்காகப் பொய் சொல்லவைத்துவிட்டாயே என்று ஆத்திரமாக வருகிறது.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடு, போடாமல் போ, அது உன் வயிறு, உன் பிழைப்பு. ஆனால் பத்தாம் தேதிக்கு முன் ஒரு நடை இங்கே வா. உன் பெயர் இப்போது மேலே இடது மூலையில் கவிழ்ந்து கிடக்கிறது, அம்மா அதை இன்னும் கவனிக்கவில்லை, தினமும் துடைக்கிறாள், எந்த நாளும் கண்ணில் படலாம். அதற்குள் வந்து அழித்துவிடு.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் நூறு வயது வாழ வேண்டும். வரும்போது மெல்லிய பிரஷ் ஒன்று மறக்காமல் எடுத்து வா, இங்கே இருப்பதெல்லாம் லேபிள் வரைந்த பிரஷ்கள், உன் அந்தஸ்துக்கு ஆகாது.

இப்படிக்கு,
உன்னைத் திட்டுவதற்கு இன்னும் தெம்பு உள்ள
அப்பா